தொலைந்த செல்போனைத் தேடும் முறை

செல்போன் காணவில்லை என்றால் முதலில் வேறொரு போனிலிருந்து அழைத்துப் பார்க்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’, ஐபோனுக்கு ஆப்பிளின் ‘ஃபைண்ட் மை’. சைலன்ட்டில் கிடக்கும் போனையும் ஃபைண்ட் ஹப் ஐந்து நிமிடம் உரக்க ஒலிக்க வைக்கும். மெத்தை இடுக்கில் விழுந்தது அதிலேயே கிடைத்துவிடும். வரைபடம் காட்டுவது தோராயமான இடத்தைத்தான், கதவு எண்ணை அல்ல. அணைந்துபோன போனுக்குப் பெரும்பாலும் கடைசியாக இருந்த இடமே தெரியும். திருடு போனதென்று பட்டால் அங்கே தனியாகப் போகக் கூடாது.

பலரும் கூகுள் கணக்கில் நுழையும்போதே மாட்டிக்கொள்கிறார்கள். கடவுச்சொல் சரியாக இருந்தாலும், உறுதி செய்யும் குறியீடு தொலைந்த போனுக்கே போகும். இதற்காகவே கூகுள் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்து தருகிறது. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். அதே போனில் படம் எடுத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. உள்ளே நுழைந்ததும் போனைப் பூட்டுவது போதும். அவசரப்பட்டு அழித்துவிட்டால் ஃபைண்ட் ஹப்பில் அதன் இடம் பிறகு தெரியாது.

இந்தியாவில் அடுத்த வழி, தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளம். அதிலுள்ள சிஇஐஆர் பதிவேட்டில் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். இங்கே வரிசை முக்கியம். முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்க வேண்டும். பிறகு அதே எண்ணுக்கு மாற்று சிம். மாற்று சிம்மில் குறுஞ்செய்தி வசதி வர 24 மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் படிவத்தைத் திறந்தால் ஓடிபி வராது. அதன்பின் ரசீதையும் அடையாளச் சான்றையும் பதிவேற்றிப் படிவத்தை நிரப்பலாம். இரண்டு சிம் போனுக்கு ஐஎம்இஐயும் இரண்டு. இரண்டையும் கொடுக்க வேண்டும். வாங்கிய பெட்டியிலும் பெரும்பாலான பில்களிலும் எண் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடாதவர்களுக்கு இந்த வேலை ஐந்து நிமிடம். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்திக் குறித்து வைப்பது அதைவிட நல்லது.

முடக்கிவிட்டால் தேட முடியாது என்று தயங்க வேண்டியதில்லை. முடக்கிய போனில் யாராவது சிம் போட்டால் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகும். யாரும் போடாதவரை எந்தத் தகவலும் வராது. நாள்தோறும் நிலையத்துக்கு நடப்பதில் பயனில்லை.

வங்கிக்கும் யுபிஐ செயலிக்கும் சொல்லி நிறுத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். ஐபோன் தொலைத்தவருக்குச் சில நாளில் “போன் கிடைத்தது, இந்த இணைப்பைத் திறக்கவும்” என்று செய்தி வரலாம். அது ஆப்பிள் கடவுச்சொல்லைப் பறிக்கும் தூண்டில். கணக்கிலிருந்து போனை நீக்கச் சொன்னாலும் நீக்கக் கூடாது.

போன் திரும்பி வந்தால் காவல் நிலையத்தில் தெரிவித்து, பதிவின்போது கிடைத்த கோரிக்கை எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிய பிறகே சிம் போட வேண்டும்.