மனதை அளக்க எந்த அளவுகோல்?



ஒர்க்‌ஷாப்பில் நம்மில் பலர் செய்திருக்கும் தவறு இது. பழைய மெஷினில் கழற்றிய பிரிட்டிஷ் விட்வொர்த் போல்ட்டில் மெட்ரிக் நட்டை மாட்டுவோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். விடாமல் ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி.

மனச்சோர்வைக் கண்டறியும் வினாப்பட்டியலை வேறொரு மொழிக்குக் கொண்டுபோவதும் இப்படித்தான். இது எனக்குப் புரிந்தது எங்க அம்மாவால்.

அப்பா இறந்த பிறகு சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் தலைபாரம், உடம்பெல்லாம் வலி. ஆஸ்பத்திரியில் ஒருவர் அச்சடித்த தாளைப் பார்த்து, "கடந்த ஒரு வாரத்தில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" என்று கேட்டார். "சோர்வெல்லாம் இல்லீங்க, தினம் வேலைக்குப் போறேனே" என்றார் அம்மா. 'இல்லை' என்று குறித்துக்கொண்டார் அவர். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்: "ராத்திரி பூரா யோசனையாவே ஓடுதுடா. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு." அந்தத் தாளில் இதற்கு இடமே இல்லை!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இத்தகைய தாள்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் லெனோர் ராட்லாஃப் 1977இல் வெளியிட்ட சி.இ.எஸ்.-டி. என்ற பட்டியல் புகழ்பெற்றது. 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 60 மதிப்பெண். 16 வந்தாலே மேலும் விசாரிக்க வேண்டும். அதில் ஒரு கேள்வியில் 'ப்ளூஸ்' என்ற சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்குத் துயரம் என்று பொருள். அகராதியைப் பார்த்து 'நீலம்' என்று எழுதினால் என்னவாகும்?

எனவே முறையாகச் செய்ய வேண்டியவை:

1. இரு மொழியும் அறிந்தவர்கள் மொழிபெயர்க்க வேண்டும்.

2. மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பிழை தெரியும்.

3. சாதாரண மக்களிடம் படித்துக் காட்டி, "உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்க வேண்டும்.

4. மனநல மருத்துவர் நேரில் பரிசோதித்த முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். மாஸ்டர் கேஜோடு ஒப்பிட்டு நாம் காலிபரேஷன் செய்வதில்லையா, அதுபோல. அங்கே 16 என்றால் இங்கேயும் 16 என்று இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் விக்ரம் படேல் குழுவினர் உள்ளூர் மக்களின் பேச்சிலிருந்தே தொடங்கினர். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று அர்த்தம். இப்படிப்பட்ட சொற்களைக் கொண்டு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 14 கேள்விகளை உருவாக்கி 1997இல் வெளியிட்டனர். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் அங்கே 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மரபெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

'யோசனையாவே ஓடுது' என்று அம்மா சொன்னதும் அதேதானே! அடுத்த முறை போனபோது அம்மாவின் வார்த்தைகளை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது அம்மா கொஞ்சம் தூங்குகிறார்.

நண்பர்களே, எந்தப் பட்டியலும் ஒரு சல்லடைதான், முடிவு மருத்துவருடையது. ஆனால் ஹாஸ்டலில் ஒருவன் "எதுலயும் மனசு ஒட்டல மச்சான்" என்றால், 'மரை கழண்ட கேஸ்' என்று கேலி செய்யாமல் உட்கார்ந்து கேட்போம். அவன் தன் மொழியில் பதில் சொல்லியிருக்கிறான்.

— இரண்டாமாண்டு, இயந்திரவியல்