படகுக் குடித்தனம்: பயனுள்ள குறிப்புகள்

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் கிரெனடா, கரியாகு, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்டினிக், டொமினிகா என்று தீவுகள் தெற்கு வடக்காக வரிசை கட்டி நிற்கின்றன. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்பதடிப் பாய்மரப் படகில் கணவனும் மனைவியுமாகத் தீவுக்குத் தீவு போய்க் குடித்தனம் நடத்துகிறவர்கள் அங்கே நிறையப் பேர். புயலையும் பாயையும் பற்றி அவர்களுக்குப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கரப்பான், உப்பு, கழிவறை அடைப்பு பற்றி இங்கே கொஞ்சம் பார்ப்போம்.

1. சந்தையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றவே கூடாது. அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கலாம். சாமான்களைப் படகுத்துறையிலேயே துணிப்பைக்கு மாற்றிக்கொண்டு, பெட்டியைக் கரையிலுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடவும். வாழைத்தாரைக் கடல்நீரில் முக்கி எடுத்தால் ஒளிந்திருக்கும் பூச்சிகள் வெளியேறும். டின் உணவுகளின் மேல் ஒட்டிய காகிதத்தை முன்பே உரித்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன என்று மார்க்கரால் எழுதி வைக்கவும். இல்லாவிட்டால் ஈரத்தில் காகிதம் தானாகக் கழன்று, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பை அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, எந்த டின்னில் பட்டாணி, எதில் அன்னாசி என்பதும் திறக்கும்வரை தெரியாது.

2. கழுவாத, ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்கவும். நிழலில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வந்தால் சில வாரம் தாங்கும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும், மிதந்தால் மீன்களுக்கு.

3. பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் தெளிப்பானில் அடித்தால் போதும். துணிக்கு இந்தச் சிக்கனம் உதவாது. உப்பு ஏறிய துணி உச்சி வெயிலில் மொடமொடவென்று காய்ந்தாலும், மாலை ஈரக்காற்று பட்டதும் பிசுபிசுக்கும். ஆகவே துணிக்குக் கடைசி அலசல் தாராளமாக இருக்கட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் இருந்தால், எண்ணெய் மிதக்கும் துறைமுகத்துக்குள் அதை ஓட்ட வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அதைக் கழுவவும் வேண்டாம். இரண்டுமே அதன் சவ்வைக் கெடுத்துவிடும். புதுச் சவ்வின் விலை கேட்டால் தலை சுற்றும்.

4. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம். படகிலோ அது கீழே இறங்கி அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சிலிண்டரை, வாயு கடலுக்கு வழிந்தோட ஓட்டை உள்ள தனி அறையில்தான் வைக்கவேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடவும். படகு சாயும்போது அடுப்பு தானும் ஊஞ்சல்போல் ஆடிச் சமநிலையில் நிற்கும். ஆனாலும் ஓட்டத்தின்போது பிரஷர் குக்கர்தான் நல்லது: கவிழ்ந்தாலும் சாம்பார் உள்ளேயே இருக்கும்.

5. மசாலா தீர்ந்துபோனால் மார்டினிக் சந்தையில் 'கொலம்போ' என்று கேட்கவும். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்ந்த பொடி. நம் குழம்புப்பொடிக்குத் தூரத்துச் சொந்தம். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1853 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழர்கள் பலர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள். அவர்கள் மொழி அங்கே பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது, சட்டியில் வாசனை மறையவில்லை. கோழியோடும் சேரும், ஆட்டோடும் சேரும்.

6. கழிவறை. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். நாளடைவில் அகலக் குழாய் விரல் நுழையாத துளையாகிவிடும். வாரம் ஒருமுறை இரவில் ஒரு கோப்பை வினிகரை ஊற்றி ஊறவிட்டு, காலையில் பம்ப் அடிக்கவும். முதலில் வாயில் போய் வராத எதையும் அதில் போடக்கூடாது என்பது எல்லாப் படகுகளுக்கும் பொதுச் சட்டம். இன்னொன்று: ஆடும் படகில் ஆண்களும் உட்கார்ந்தேதான் ஆகவேண்டும். இதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்வது உத்தமம்.

7. தம்பதிகள் அதிகம் கத்திக்கொள்வது நங்கூரம் போடும் நேரத்தில்தான். ஒருவர் முன்முனையில், ஒருவர் பின்னால் சுக்கானில். இடையில் காற்றும் என்ஜின் சத்தமும். சொன்னது கேட்காது, கேட்டது புரியாது. பக்கத்துப் படகில் எல்லாரும் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்ப்பார்கள். முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம் என்று ஐந்து கைச்சைகை பழகிவிட்டால் பாதிச் சண்டை குறையும். காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட்டும் கிடைக்கிறது. 'கல்யாணத்தைக் காப்பாற்றுவது' என்றே படகுக்காரர்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஆண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மனைவியைச் சங்கிலியோடு மல்லுக்கட்ட அனுப்புவார். என்னைக் கேட்டால் இது தலைகீழாக இருக்கவேண்டும். சுக்கானுக்கு நிதானம் போதும், சங்கிலிக்குத்தான் பலம் வேண்டும்.

கணக்கு இதுதான்: ஆழத்தோடு முன்முனையின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடவும். நீர் 4 மீட்டர், முனை 1 மீட்டர் என்றால் 25 மீட்டர். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. வெளிர்நிறத்தில் தெரியும் மணல் திட்டில் போடவும். பவளத்தில் வேண்டாம், கடற்புல்லில் பிடிக்காது. என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்த்தபின், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருவர் குதித்து நேரில் பார்த்துவிட்டால் இரவு தூக்கம் வரும்.

8. புதுத் தீவுக்குப் போனதும் மஞ்சள் கொடி ஏற்றவும். கேப்டன் மட்டும் கரையேறி, பாஸ்போர்ட்டுகளோடும் முந்தைய தீவு கொடுத்த வெளியேறும் சீட்டோடும் சுங்கத்துக்குப் போய்வரும்வரை மற்றவர் படகிலேயே இருக்கவேண்டும். கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, டொமினிகா எல்லாவற்றுக்கும் கிழக்குக் கரீபியன் டாலர் ஒன்றே. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது நிலையான மதிப்பு. மார்டினிக்கில் யூரோ. இரண்டு பர்ஸ் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

9. பவளப்பாறையோரம் பிடிபடும் பெரிய சீலா மீனை உண்ண வேண்டாம். அதில் சிகுவேட்டரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. ஈ உட்காருகிறதா என்று பார்ப்பதெல்லாம் வீண். ஆழ்கடலில் தூண்டில் இழுத்துப் பிடிக்கும் சூரை நல்ல தேர்வு.

10. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். பலர் தெற்கே கிரெனடாவுக்கோ டிரினிடாடுக்கோ ஒதுங்குவார்கள். கிரெனடாவை முழுக்க நம்பிவிட முடியாது: 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அதைச் சேர்ந்த கரியாகுவைத் தாக்கியது, அலையாத்திக் காட்டுக்குள் கட்டி வைத்திருந்த படகுகள்கூடப் பல சேதமாயின. காப்பீட்டுப் பத்திரத்தில் எந்த அட்சரேகைக்குத் தெற்கே இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது என்பதை மே மாதத்துக்குள் படித்துவிடவும்.

11. எந்தப் புதுச் சாதனம் வாங்கும் முன்னும், லின், லேரி பார்டி தம்பதி என்ஜினே இல்லாத 24 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும். ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஸ்கிரீம் மெஷின் வேண்டாம்.

12. இரவில் கரைக்குப் போய்வரும் சிறுபடகான டிங்கியைத் தண்ணீரில் விட்டுவைக்காமல் மேலே தூக்கித் தொங்கவிட்டு, சங்கிலி போட்டுப் பூட்டவும். அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றிவைத்தால் மழைநீர் தேங்காது. காலையில் இறக்கும் முன் மறக்காமல் மாட்டவும்.