ஆங்கிலத்தில் ‘நீங்க’ எங்கே இருக்கிறது?

தமிழில் ‘வா’ என்றால் நண்பன், ‘வாங்க’ என்றால் பெரியவர். மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் ‘தௌ’, ‘யூ’ என்று இரண்டு இருந்தன. ‘தௌ’ வழக்கொழிந்துபோக, கடைக்குட்டிக்கும் கலெக்டருக்கும் ஒரே ‘யூ’தான் மிஞ்சியது. அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? மின்னஞ்சல் எழுத உட்காரும்போது இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

1. யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

வேலை விண்ணப்பம், புகார், வங்கி, தூதரகம், முன்பின் தெரியாதவர் என்றால் முறையான நடை. தினமும் சேர்ந்து டீ குடிக்கும் சக ஊழியர் என்றால் இயல்பான நடை. சந்தேகமா? முறையாகவே தொடங்குங்கள். பதிலில் அவர் ‘ஹாய்’ போட்டு, கீழே தன் முதற்பெயரை மட்டும் எழுதியிருந்தால், அடுத்த கடிதத்தில் நீங்களும் ஒரு படி இறங்கலாம்.

2. தொடக்கத்தையும் முடிவையும் ஜோடி சேருங்கள்

பிரிட்டிஷ் வழக்கப்படி, பெயர் தெரியாமல் ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிக்க வேண்டும். ‘டியர் மிஸ்டர் ஜோன்ஸ்’ என்றால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘மிஸ்டர்’ போட்டால் பின்னால் குடும்பப்பெயர்தான் வரும். டேவிட் ஜோன்ஸை ‘மிஸ்டர் டேவிட்’ ஆக்கிவிடாதீர்கள். பழகியவருக்கு ‘ஹாய் டேவிட்’, கடைசியில் ‘தேங்க்ஸ்’ போதும். பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில் நாம் எழுதிப் பழகிய ‘ரெஸ்பெக்டட் சார்’ இந்தியாவுக்குள் செல்லும். லண்டனில் படிப்பவருக்கு விநோதமாக இருக்கும்.

3. சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நெடுங்காலம் அரசவையில் பிரெஞ்சுதான் கோலோச்சியது. அதனால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் சபைச் சொல் ஒன்றும் பல இடங்களில் உண்டு: ‘ஆஸ்க்’ – ‘என்கொயர்’, ‘பை’ – ‘பர்சேஸ்’, ‘ஹெல்ப்’ – ‘அசிஸ்ட்’. நாம் பேச்சில் ‘வீடு’ என்பதை அழைப்பிதழில் ‘இல்லம்’ என்று அச்சிடுவதுபோலத்தான். ‘டோன்ட்’ போன்ற சுருக்கங்களையும் முறையான கடிதத்தில் ‘டு நாட்’ என்று விரித்தே எழுதுங்கள்.

4. வேண்டியதைக் கேள்வியாகக் கேளுங்கள்

வழுக்கும் இடம் இதுதான். ‘எனக்கு வெள்ளிக்கிழமை லீவு வேணும் சார்’ என்பதில் பணிவு இருக்கிறது. அதையே ‘ஐ வான்ட் லீவ் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதினால் அதிகாரமாகிவிடும். ஆளுக்கேற்ப இப்படி மாற்றலாம்:

- தோழமையான டீம் லீடருக்கு: ‘கேன் ஐ டேக் ஃப்ரைடே ஆஃப்?’
- மேலாளருக்கு: ‘குட் ஐ டேக் லீவ் ஆன் ஃப்ரைடே, ப்ளீஸ்?’
- நேரில் பார்த்திராத உயரதிகாரிக்கு: ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அப்ரூவ் மை லீவ் ஃபார் ஃப்ரைடே.’

‘கேன்’ என்பது ‘குட்’ ஆனதும் பேசுபவர் ஓரடி விலகி நிற்கிறார். நம் ‘நீங்க’ செய்யும் வேலையை இங்கே அந்த ஓரடி செய்கிறது. பணிவு என்று நினைத்து நாம் போடும் ‘கைண்ட்லி’ வெளிநாட்டில் சிலர் காதுக்குக் கட்டளைபோல ஒலிக்கும், ‘ப்ளீஸ்’ பாதுகாப்பானது.

5. இரண்டையும் கலக்காதீர்கள்

‘ஹே’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிப்பது, பட்டு வேட்டிக்கு மேல் கிரிக்கெட் ஜெர்சி போட்டதுபோல் இருக்கும்.

6. பெரிய சொல்லை மரியாதை என்று எண்ணாதீர்கள்

புரியாத அலுவலக ஆங்கிலத்துக்கு எதிராக ‘பிளெய்ன் இங்கிலிஷ் கேம்பெயின்’ என்ற இயக்கமே 1979இல் பிரிட்டனில் தொடங்கியது. முறையான கடிதமும் எளிமையாக இருக்கலாம்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், அவர் எதிரில் இருப்பதாக நினைத்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எழுந்து நின்று சொல்ல வேண்டியதா, உட்கார்ந்தபடியே சொல்லலாமா என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.