கட்டி பிடிக்காத பதநீரை என்ன செய்யலாம்?

முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய எங்கள் தூத்துக்குடிக் கரையில், உடன்குடித் தேரிமணல் ஓரம் எனக்குச் சில பனைகள் உண்டு. வங்கி வேலையில் ஓய்வு பெற்று வந்தவன் நான். பனையேறித் தம்பி காலையும் மாலையும் பாளை சீவுகிறார். அவர் வீட்டம்மா காய்ச்சுகிறார். வருவதில் பங்கு.

போன ஆடியில் ஒருநாள், எவ்வளவு காய்ச்சியும் கருப்பட்டி கட்டி பிடிக்கவில்லை. சிரட்டையில் ஊற்றினால் கொழகொழவென்று நின்றது. வாங்க வந்த வியாபாரி, "கொஞ்சம் சீனி போடுங்க சார், கல்லாட்டம் நிக்கும்" என்றார். பத்து நாள் உழைப்பு கண்ணுக்கு முன்னால் கிடந்ததால் எனக்கும் மனசு ஆடியது. அந்த அம்மாதான், "வேண்டாம் அண்ணாச்சி, பாகாவே இறக்கிருவோம்" என்றார். சீனி கலந்திருந்தால் அந்த ஒரு சுமையோடு உடன்குடிக் கருப்பட்டி என்ற பேரையும் விற்றிருப்பேன். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பேர் அது.

ஏன் கட்டி பிடிக்கவில்லை? பதநீரின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தாலோ, இறக்கிய பதநீர் வெயிலில் காத்திருந்தாலோ, புளிப்பு ஏறி அந்தச் சுக்ரோஸ் உடைந்துவிடும். உடைந்தது மறுபடி படிகமாகாது. ஆகவே கலயத்தைத் தினம் கழுவி, உள்ளே சுண்ணாம்பு தடவுங்கள். இறக்கியதும் வடிகட்டி, தாமதிக்காமல் அடுப்பேற்றுங்கள். ரொம்பப் புளித்துவிட்டதைப் பாகாக்கவும் முடியாது. லேசாகத் தவறியதற்குத்தான் இந்த வழி.

பாகுப் பதம்: தேன் போல ஒழுகி, விரலில் ஒற்றைக் கம்பி இழுக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 104 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள். சூடு ஆறுமுன் வடிகட்டி, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூடுங்கள். ஈரம் பட்டால் புளிக்கும். தெற்கத்திப் பெரியவர்கள் இதைக் 'கூப்பனி' என்பார்கள். விறகும் மிச்சம்.

கனடாவில் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சுபவர்களும் ஏறக்குறைய இதே சூட்டில்தான் இறக்குகிறார்கள். அவர்களுக்கு 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். நம் பதநீர் அதைவிடப் பல மடங்கு இனிப்பு. கியூபெக் மாகாணத்தில் உற்பத்தியாளர் அமைப்பே உபரிப் பாகைப் பீப்பாய்களில் சேமித்து, விளைச்சல் குறைந்த வருஷம் வெளியே விடுகிறது. நாமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம்தானே?

மிஞ்சிய பாகை வீட்டில் செலவழிக்க:

* உளுந்தங்களி: வறுத்து அரைத்த உளுந்து மாவை நீரில் கரைத்துக் கிண்டி, வெந்ததும் பாகும் நல்லெண்ணெயும் ஊற்றிச் சுருளக் கிளறுங்கள்.
* எள்ளுருண்டை: பாகை மறுபடி கொதிக்கவிட்டு, தண்ணீரில் விட்டால் உருளும் பதத்தில் வறுத்த எள்ளைக் கொட்டி, சூட்டோடு பிடியுங்கள். அன்று எங்களுக்கு உருண்டை பிடிக்கத்தான் வந்தது, ஆனால் கொஞ்சம் இளகலாக இருந்தது. பேரப்பிள்ளைகள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.
* சுக்குக் காபி: சுக்கு, மல்லி, மிளகு கொதித்ததும் இறக்கிப் பாகு சேருங்கள்.
* தோசைக்கும் இடியாப்பத்துக்கும் அப்படியே தொட்டுக்கலாம்.

இதுவும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு இருங்கள்.

அடிப்பிடித்ததும் புளித்ததும் கூட வீணில்லை. 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 2 கிலோ வெல்லம் போடுகிறோமே, அதற்குப் பதில் சுமார் இரண்டரை லிட்டர் பாகு ஊற்றுகிறேன்.

அன்றைய பாகைப் பாட்டில்களில் அடைத்து, "கட்டி பிடிக்காதது, சீனி சேர்க்காதது" என்று எழுதி ஒட்டி விற்றோம். வந்த காசில் பாதி பனையேறித் தம்பிக்குப் போனது. இந்த வருஷம் சிலர் பாகாகவே வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள்.