காலேஜும் வேலையும் காக்கிச்சட்டைக் கனவும்: உடம்பைக் கெடுக்காமல் சமாளிக்க 15 குறிப்புகள்

காலை ஷிப்டில் கல்லூரி. மாலையில் ஜவுளிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ மருந்துக்கடையிலோ நாலு மணி நேர வேலை. மனசுக்குள் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் இப்படி ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏராளம். நேரம் போதாதபோது முதலில் தூக்கத்தில் கை வைக்கிறார்கள், அடுத்து சாப்பாட்டில், அதற்கடுத்து உடற்பயிற்சியில். காக்கிச்சட்டைக்குத் தேவையான உடம்பு அங்கேதான் வீணாகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசமமாகச் செய்ய யாராலும் முடியாது. ஒரு வாரத்தை மொத்தமாக வைத்துத் திட்டமிட்டால் முடியும்.

1. நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கு போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 49, கல்லூரிக்கு 25, வேலைக்கு ஆறு நாளும் சேர்த்து 24, பஸ் பயணத்துக்கு 10, குளியல், சாப்பாடு, துணி துவைப்பதற்கு 21 என்று ஒதுக்கினால் மொத்தம் 129. மீதி 39 மணி நேரம். அதில் செமஸ்டர் பாடத்துக்கு 14, போட்டித் தேர்வுக்கு 12, உடற்பயிற்சிக்கு 5 போனாலும் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் 8 மணி நேரம் மிஞ்சும். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நேரமே இல்லை என்ற பயம் பாதி குறைந்துவிடும்.

2. தூக்கத்துக்கு முதல் இடம் கொடுங்கள். 18 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. வேலை முடிந்து வீடு வர ஒன்பதரை ஆகிறதென்றால், பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவதுதான் சரியான திட்டம். இரவு ஒரு மணி வரை கண் விழித்துப் படித்துவிட்டு, விடியற்காலை மைதானத்துக்கும் ஓடினால் படித்ததும் நிற்காது, உடம்பும் தேறாது. படுக்கும்போது செல்போனைக் கை எட்டாத இடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். அலாரத்தை நிறுத்த எழுந்து போயே ஆக வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

3. வேலையில் சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு விடுவார்கள், வார விடுமுறை என்றைக்கு, பரீட்சைக்கு லீவு உண்டா என்பதையும் கேளுங்கள். ஜவுளிக்கடையில் தீபாவளிக் கூட்டமும் கல்லூரியில் நவம்பர் செமஸ்டரும் அடுத்தடுத்து வரும். கடைசி நேரத்தில் போய் நின்றால் முதலாளிக்கும் சங்கடம். முன்கூட்டியே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணாச்சி, நவம்பர்ல எனக்கு செமஸ்டர். பரீட்சை நாள்ல மட்டும் லீவு வேணும். தீபாவளி வாரத்துல தினம் ஒரு மணி நேரம் கூடுதலா நின்னு ஈடு கட்டிடுறேன்." இப்படிக் கேட்கிற பிள்ளையைப் பெரும்பாலான முதலாளிகள் மதிப்பார்கள்.

4. வருகைப் பதிவை எண்ணி வையுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீத வருகை இருந்தால்தான் அபராதம் இல்லாமல் பரீட்சை எழுதலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையிருப்பு 22 நாள்தான். அதில் பத்தைக் காய்ச்சல், வீட்டு விசேஷம் போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். வேலைக் களைப்புக்காக ஒரு நாளும் எடுக்காதீர்கள்.

5. 1500 மீட்டரைச் சுற்றுகளாகப் பிரித்துப் பழகுங்கள். காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் இது மூன்றே முக்கால் சுற்று, அதாவது சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. பலர் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் நேரமே பார்க்க வேண்டாம். இரண்டு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 25 நிமிடம் போதும். பிறகு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து கையில் கடிகாரம் கட்டி, ஒவ்வொரு சுற்றையும் ஒரே வேகத்தில் முடிக்கப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும்.

6. பெண்கள் வேகத்துக்கும் தாண்டுதலுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம், 2 நிமிடம் 30 வினாடி. இதில் தேறிய பிறகு மதிப்பெண் தருவது நீளம் தாண்டுதல், பந்து எறிதல் அல்லது குண்டு எறிதல், குறுகிய ஓட்டம் ஆகியவைதான். அதனால் வாரத்தில் இரண்டு நாள் 100 மீட்டர் வேக ஓட்டமும் மணலில் தாண்டிப் பழகுவதும் அவசியம். மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் நடையும் லேசான நீட்டுப் பயிற்சியும் செய்யலாம். ஒத்துழைக்காவிட்டால் ஓய்வெடுங்கள். இருட்டு விலகாத நேரத்தில் இருவர், மூவராகச் சேர்ந்தே போங்கள், வெளிர் நிற உடை அணியுங்கள்.

7. ஜிம்முக்குக் காசில்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்டால், பஸ்கி, ஸ்கிப்பிங் மூன்றுக்கும் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் உண்டு. அதற்குக் கைப்பிடி வலு வேண்டும். உறுதியான கம்பியிலோ மரக்கிளையிலோ தடித்த துண்டைப் போட்டு, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு தொங்குங்கள். பத்து வினாடியில் தொடங்கி, வாரம் ஐந்தைந்து வினாடியாகக் கூட்டுங்கள்.

8. ஷூவைப் பராமரியுங்கள். மழையில் நனைந்த ஷூவை வெயிலில் போட்டால் ஒட்டு விட்டுவிடும். உள்ளே இருக்கும் அட்டையை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும், நாற்றமும் குறையும். அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்த ஷூவில் ஓட வேண்டாம், முழங்கால் வலி வரும்.

9. கடையில் நின்றபடியே வேலையா? கால்களைக் கவனியுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கூட்டமில்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். நிற்கும்போது அரை மணிக்கொரு முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இருபது முறை செய்தால் கெண்டைக்கால் இறுக்கம் தளரும். வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் சாய்த்து உயர்த்தி, பத்து நிமிடம் படுத்திருங்கள்.

10. டிபன் பாக்ஸிலேயே புரதம் இருக்கட்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 55 கிலோ எடை உள்ளவருக்கு ஏறத்தாழ 46 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம் கிடைத்துவிடும். மீதி சோறு, பருப்பு, தயிரிலிருந்து வரும். விலை கூடிய புரதப் பவுடர் தேவையே இல்லை. இரவில் பச்சைப்பயறை ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் காலைக்குள் முளை கட்டிவிடும். கல்லூரிக்கும் கடைக்கும் இடையில் பசித்தால், பொட்டுக்கடலை மாவை மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக் குடியுங்கள். பப்ஸைவிட நேரம் தாங்கும்.

11. டீ நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிருங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது மிக முக்கியம். மாலை ஐந்துக்கு மேல் குடிக்கும் டீ தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

12. பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். காவலர் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதோடு தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 32 எடுத்தால்தான் மற்றத் தாளே திருத்தப்படும். ஆறு முதல் பத்து வரையிலான அரசுப் பாடப்புத்தகங்கள் இதற்கு அடித்தளம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி விட்டதும் வேலைக்குப் போகும் முன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை மாவட்ட மைய நூலகத்தில் கழியுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சொந்தப் புத்தகத்தையே எடுத்துப் போய்ப் படிக்கலாம்.

13. பஸ்ஸில் புதிதாகப் படிக்காதீர்கள், படித்ததைச் சோதியுங்கள். நின்றுகொண்டு போகும் பஸ்ஸில் புதுப் பாடம் ஏறாது. முந்தைய நாள் படித்ததில் பத்துக் கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கேள்வியைப் பார்த்து, விடையை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். தடுமாறிய கேள்வியை மறுநாள் தாளிலும் எழுதுங்கள்.

14. கல்லூரி, வேலை, காவலர் தேர்வு மூன்றில் ஒன்றுக்கு மட்டும் முதலிடம் கொடுங்கள், மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் முதலிடம். அப்போது ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையலாம், நின்றுவிடக் கூடாது. காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் அது முதலிடம். கூடுதல் வேலைநேரத்துக்கு அந்த மாதங்களில் மறுப்புச் சொல்லுங்கள். சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணம், ஷூ, புத்தகம் என்று தனியாக எடுத்து வைத்தால் இப்படி மறுக்கத் தைரியம் வரும்.

15. உடம்பு தரும் எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், இரண்டு வாரமாகியும் தீராத முழங்கால் வலி இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு ஓடவே கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான். அடிக்கடி அழுகை வருவதும் எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் சோம்பேறித்தனம் அல்ல. வீட்டில் ஒருவரிடமோ பேராசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

இந்தப் பதினைந்தையும் வருகிற திங்கட்கிழமையே ஒன்றாகத் தொடங்க வேண்டாம். முதல் வாரம் தூக்கத்தை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டாவது வாரம் டிபன் பாக்ஸை மாற்றுங்கள். மூன்றாவது வாரம் ஓடத் தொடங்குங்கள். நன்றாகத் தூங்கி நன்றாகச் சாப்பிட்ட உடம்பு ஓட்டத்துக்கும் இணங்கும், படிப்புக்கும் இணங்கும். சம்பாதித்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்கு உழைப்பைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த உழைப்பில் ஒரு பங்கை உங்கள் உடம்புக்கும் ஒதுக்குங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.