உடன்படுதலும் ஹிம்சையே



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவதாகிய அஹிம்சையைப் பற்றிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அச்சூத்திரங்களை உலக நிகழ்ச்சி ஒன்றின்மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கும் பயிற்சி நம்மிடம் குறைவு. கணக்கில் வாய்பாடு கற்பித்தபின் கடைத்தெருக் கணக்கைப் போடச் சொல்வது ஆசிரியர் வழக்கம். அவ்வாறே இம்முறை அமெரிக்க நாட்டு வழக்கு ஒன்றைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2017-ஆம் ஆண்டில் வர்ஜீனியா டெக் என்னும் பல்கலைக்கழகம், தன் பழைய மாணவரான மைக்கேல் விக் என்பவரைத் தன் விளையாட்டு வீரர் புகழ்ப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. உடனே பல்லாயிரவர் கையொப்பமிட்டு அதனை எதிர்த்தனர். இவர் அங்கு மாணவராயிருந்த 1999, 2000 ஆண்டுகளில் அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியை நாடறியச் செய்தவர். (அமெரிக்கர் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் ஊர்க் கால்பந்து அன்று.) 2001-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதல்வராகத் தெரிவு செய்யப்பட்டு அட்லாண்டா அணியில் சேர்ந்தார். பல்கலைக்கழகம் பெருமைப்பட்டது இதற்காக. மக்கள் சினந்ததோ அவர் கல்லூரியை விட்டபின் தொடங்கிய மற்றொரு காரியத்திற்காக.

அதே 2001-இல் அவர் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி கவுண்டி என்னும் நாட்டுப்புறத்தில் ஒரு நிலம் வாங்கினார். வீட்டின் பின்புறம் கருநிறம் பூசிய கொட்டகைகள் எழுந்தன. அங்கே பிட் புல் என்னும் வலிய இன நாய்கள் வளர்க்கப்பட்டு, பணயம் வைத்து ஒன்றோடொன்று மோதவிடப்பட்டன. 2007 ஏப்ரலில் வேறொரு குற்றம் பற்றிச் சோதனையிடச் சென்ற காவலர், ஐம்பதுக்கு மேற்பட்ட பிட் புல் நாய்களைக் கண்டனர். பல நாய்கள், மண்ணில் புதைத்த மோட்டார் வண்டி அச்சுகளில் கனத்த சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தன. சண்டைக்கு உதவாதவை என்று கழிக்கப்பட்ட நாய்கள் கொல்லப்பட்ட முறைகளை நீதிமன்ற ஆவணங்கள் விரிவாகச் சொல்கின்றன. இவ்விதழைப் பிள்ளைகளும் படிப்பார்கள். ஆகவே விரித்து எழுதவில்லை.

தொடக்கத்தில் அவர், தமக்கொன்றும் தெரியாது, உறவினர்கள் தம் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினர் என்றார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக உண்மையை ஒப்புக்கொண்டபின், 2007 ஆகஸ்டில் தாமும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சண்டைக்குப் பணம் தந்ததையும், ஆறு முதல் எட்டு நாய்கள் கொல்லப்பட்டதில் தமக்கும் பங்குண்டு என்பதையும் ஏற்றார். டிசம்பர் 10 அன்று 23 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இனி வாய்பாட்டிற்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை வரும் வாயில்களை எண்ணுகிறது. எண்ணம் கொள்ளுதல் ஸம்ரம்பம். கருவிகளைச் சேர்த்தல் ஸமாரம்பம். செயலைத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் எனவும் மூன்றாகும். குரோதம், மானம், மாயை, லோபம் ஆகிய நான்கு கஷாயங்களால் பெருக்க, 108 ஆகிறது. ஜபமாலையின் 108 மணிகளுக்கு நம் பெரியோர் கூறும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வழக்கை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நாய் ஒன்றுகூட வாங்கப்படும் முன்னரே எண்ணம் பிறந்தது. நிலம் வாங்கியதும் கொட்டகை எழுப்பியதும் ஸமாரம்பம். செய்தவர் அவர், பணம் தந்து செய்வித்தவரும் அவரே. தம் நாயே வெல்ல வேண்டும் என்னும் மானம் இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்ற மாயையும் பின்னர் வந்து சேர்ந்தது. பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளும் விரோதி ஹிம்சை, உழவு, சமையல் முதலியவற்றில் தவிர்க்க இயலாது நேரும் ஹிம்சை ஆகியவற்றை இல்லறத்தார் குறைத்துக்கொள்ள முயல்வர். இதுவோ வேண்டுமென்றே செய்யும் ஸங்கல்ப ஹிம்சை. இல்லறத்தார் முற்றிலும் துறக்க வேண்டியது இதனையே.

அஹிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொல்லுதல் இவ்வைந்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது விரதத்தையே முறிப்பது. உயிர் போகாமலேயே விரதத்திற்கு மாசு சேர்க்கும் வழிகளே இவை. மோதலுக்கு முன் நாயைப் பட்டினியிட்டால் அது மூர்க்கமாகப் போரிடும் என்று கருதி உணவை நிறுத்தியதும் அவ்வழக்கில் உண்டு. ஜார்ஜியா என்று பெயரிடப்பட்ட பெண் நாய் ஒன்று மீட்கப்பட்டபோது அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை. கட்டாய இனப்பெருக்கத்தின்போது ஆண் நாயைக் கடியாதிருக்கப் பிடுங்கியிருக்கலாம் என்று மீட்டவர்கள் கருதினர். பாரம் ஏற்றுதல் ஒன்று தவிர மற்ற நான்கும் அந்தக் கொட்டகைகளில் நடந்தன.

நாம் சற்றுத் தங்கிச் சிந்திக்க வேண்டியது மூன்றாவதாகிய உடன்படுதலைப் பற்றியே. நாயை மோதவிடுபவர் இருவர். சூழ்ந்து நின்று ஆரவாரிப்பவரோ பலர். பார்ப்பவர் இல்லையேல் பணயம் இல்லை; பணயம் இல்லையேல் சண்டையும் இல்லை. ஆயினும் அமெரிக்க நடுவண் சட்டம் நெடுங்காலம் பார்வையாளரைத் தொடவில்லை. 2014-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தோடு இணைந்து வந்த விதியே, விலங்குச் சண்டையைப் பார்க்கச் செல்வதையும் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்றது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை அங்கே அழைத்துச் செல்பவர்க்கு மூன்றாண்டு வரை தண்டனை. பார்த்தவனைவிடப் பிள்ளைக்குக் காட்டியவனுக்குத் தண்டனை மிகுதி என்பதை ஆசிரியர் என்ற முறையில் நாம் பெரிதும் மதிக்கிறோம். இந்த விதியை வேண்டி 2011-இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தில் வந்து பேசியவர்களுள் சிறையிலிருந்து மீண்ட விக்கும் ஒருவர்.

இப்போது மக்கள் சினத்திற்கு வருவோம். நீதிமன்ற வாயிலில் பதாகைகளோடு கூட்டம் நின்றது. அவரை வைத்து விளம்பரம் செய்த நைக்கி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. 2009-இல் பிலடெல்பியா அணி அவரை மீண்டும் சேர்த்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. கொடுமையைக் கண்டு ஒரு நாடே பொறுக்காமல் எழுந்தது நன்றே. பேச வாயற்ற உயிருக்காகப் பேசினார்கள். ஆனால் அந்தச் சினம் அவ்வளவில் நிற்கவில்லை. அவர் உருவில் பொம்மை செய்து, நாய்கள் கடித்துக் குதற விற்றனர். 2010 டிசம்பரில் டக்கர் கார்ல்சன் என்னும் தொலைக்காட்சி உரையாளர், அவருக்கு மரண தண்டனை அளித்திருக்க வேண்டும் என்றே சொன்னார். பின்னர்த் தாம் மிகையாகப் பேசிவிட்டதாக ஒப்பினார். 'அவனையும் நாய்க்குப் போட வேண்டும்' என்று நம் இல்லத்துப் பிள்ளைகளும் இத்தகைய செய்திகளைக் கேட்டுச் சொல்வதுண்டு. பெரியோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம்.

ரௌத்திரத் தியானத்தின் நால்வகையுள் முதலாவது ஹிம்சானந்தம், அதாவது துன்புறுத்துவதில் மகிழ்தல். துன்புறுபவன் தீயவனாயிருந்தால் அம்மகிழ்ச்சி குற்றமாகாது என்று எவ்வாசிரியரும் விலக்குச் சொல்லவில்லை. அப்படியானால் கொடியவனைக் கண்டு என்ன செய்வது? ஏழாம் அத்தியாயம் நான்கு பாவனைகளைத் தருகிறது. எல்லா உயிரிடத்தும் மைத்ரி; குணத்தில் உயர்ந்தாரிடத்துப் பிரமோதம்; துன்புறுவாரிடத்துக் காருண்யம்; நல்லுரை ஏலாத் தீயொழுக்கத்தாரிடத்து மாத்யஸ்தம். மாத்யஸ்தம் என்பதைச் 'சும்மா இருத்தல்' என்று சிலர் பொருள் கொள்வர்; அது பிழை. நீதிபதி தண்டனை வழங்கலாம், வழங்கவும் வேண்டும். வெறுப்பும் விருப்பும் இன்றி வழங்குவதே மாத்யஸ்தம்.

இவ்விரு பாவனைகளும் மாறிப்போனால் என்ன நேரும் என்பதற்கு இவ்வழக்கே சான்று. எல்லோர் கண்ணும் விக்கின்மீது இருந்தபோது நாய்கள் என்னவாயின? சட்டத்தின் கண்ணில் அவை சான்றுப் பொருள்கள். சண்டை நாய்கள் திருந்தா, மனிதர்க்கு ஆபத்து என்று கருதி, வழக்கு முடிந்தபின் கொன்றுவிடுவதே அந்நாட்டின் அப்போதைய நடைமுறை. விலங்கு நலத்திற்கெனப் பெயர்பெற்ற இரு பெரிய அமைப்புகளே இந்நாய்களையும் கொல்லலாம் என்றன. கொடுமை செய்தவன்மீது பொங்கிய சினம், கொடுமைக்கு ஆளானவற்றைக் காக்கத் தானாக வரவில்லை.

காத்தவர்கள் வேறு சிலர். 2007 செப்டம்பரில் விலங்கு நடத்தை வல்லுநர்கள் 49 நாய்களையும் தனித்தனியே சோதித்தனர். நீதிமன்றம் ரெபெக்கா ஹஸ் என்னும் சட்டப் பேராசிரியையை அவற்றின் காப்பாளராக நியமித்தது. மனிதரைத் தாக்கும் இயல்புக்காகக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். மற்றொன்று நோயின் காரணமாக. எஞ்சிய 47 நாய்கள் எட்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் பராமரிப்புக்காக விக் ஏறத்தாழ 9,28,000 டாலர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. யூட்டா மாநிலத்தின் கனாப் என்னும் ஊரிலுள்ள காப்பகத்திற்கு 22 நாய்கள் சென்றன. பல்லிழந்த ஜார்ஜியாவும் அவற்றுள் ஒன்று. ஜானி என்னும் நாய் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓர் இல்லத்தில் வளர்ந்தது. வாசிக்கத் திணறும் குழந்தைகள் அதன் அருகில் அமர்ந்து உரக்கப் படிப்பார்கள். அது பொறுமையாகப் படுத்துக் கேட்டிருக்கும். பிழை திருத்தாத கேட்போர் ஒருவர் கிடைத்தால் குழந்தை எவ்வளவு துணிவோடு வாசிக்கும் என்பதை ஆசிரியப் பணி செய்தவர்கள் அறிவார்கள்.

ஆயினும் இந்த நற்பேறு எல்லா நாய்களுக்கும் வாய்க்கவில்லை. 2009-இல் வட கரோலினா மாநிலத்தில் மற்றொரு சண்டைக் கூடத்திலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள், குட்டிகள் உட்பட, சோதித்துப் பாராமலே கொல்லப்பட்டன. அதன்பின் எழுந்த கண்டனத்தால்தான், ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பெரிய மனிதநேய சங்கமும் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. உயிர்க்காகச் செலவிட்ட சினம் பயன் தந்தது இங்கேதான்.

கேரி பிரான்சியோன் என்னும் சட்டப் பேராசிரியர் 2007 ஆகஸ்டில் ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். நாம் அனைவரும் மைக்கேல் விக்கே என்பது அதன் தலைப்பின் பொருள். நாய்க்காகக் கொதிப்பவர் அன்றாடம் தட்டில் இறைச்சியை வைத்து உண்கிறாரே, நாவின் சுவைக்காகக் கொல்லுவதற்கும் கண்ணின் களிப்புக்காகக் கொல்லுவதற்கும் வேற்றுமை என்ன என்று கேட்டார். இதைப் படிக்கையில் புலால் உண்ணாத நமக்குச் சற்றுப் பெருமிதம் தோன்றும். அப்பெருமிதமும் மானம் என்னும் கஷாயமே. காவலுக்கென்று வளர்க்கும் நாய் இரண்டு முழச் சங்கிலியில் காலை முதல் இரவு வரை கிடக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? கன்றுக்கு ஒரு காம்பையேனும் விட்டுக் கறத்தல் நம் உழவர் குடும்பங்களில் பழைய வழக்கம். பால் விற்பனைக்கென்று ஆன பின்னர் அந்த ஒரு காம்பும் கறக்கப்படுகிறது. முன்னது பந்தம், பின்னது அன்னபான நிரோதம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் மயிலும் நாயுமாய்ப் பிறந்து உழன்றதை யசோதர காவியத்தில் படிக்கும் நாம், உயிருள்ள கன்றின் பசியை எளிதாகக் கருதலாகாது.

அப்பல்கலைக்கழகம் அவரைப் போற்றியது சரியா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 2017-இல் அவரைப் பட்டியலில் சேர்த்தது. 2024 டிசம்பரில் நார்ஃபோக் ஸ்டேட் என்னும் மற்றொரு வர்ஜீனியப் பல்கலைக்கழகம் அவரைக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் கருதவில்லை. புகழ்ப் பட்டியல் ஆட்டத்திறனை மட்டும் அளக்கிறது. பெயரின் அருகே மற்றதை மறைத்துவிட்டால், அம்மறைப்பு உடன்படுதலுக்கு மிக அருகில் வந்துவிடும். பயிற்சியாளர் பணி அவ்வாறன்று. செய்த தீமையை மறைக்காமல் ஒப்பிச் சொல்லும் ஆலோசனையும், மீண்டும் செய்யேன் என்னும் பிரதிக்கிரமணமும் உடையவர் இளைஞரிடையே நின்று பேசுவது பயனுடையதே. அவர் மனத்தில் அவை எவ்வளவு ஆழம் சென்றன என்பதை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. அது அவர் வினைக்கும் அவருக்கும் இடையே உள்ளது.

இதனை இல்லத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவோர் ஒரு முறையைக் கையாளலாம். கதையைக் கைது வரை சொல்லி நிறுத்திவிட்டு, 'இனி நீங்கள் என்ன கேட்க விரும்புகிறீர்கள்?' என்று வினவுங்கள். பெரும்பாலும் 'அவருக்கு என்ன தண்டனை?' என்பதே முதலில் வரும். விடை சொல்லிவிடாமல் சற்றுப் பொறுத்திருங்கள். 'அந்த நாய்கள் எங்கே போயின?' என்று ஒரு பிள்ளையேனும் கேட்கும். மீதிக் கதையை அப்பிள்ளையைப் பார்த்துத் தொடங்குங்கள்.