ஏறும் வழி அறிதல்

நுழையும்முன்

மலையைத் தொலைவில் நின்று கண்டு மகிழ்தல் எளிது. அதன் தடத்தில் கால்வைத்து ஏறுதற்கு உடல்வலிமையோடு வழியறிவும் வேண்டும். தமிழகத்து மலைகளில் சிறுவர் நடக்கும் பாதைகளும் உண்டு; பழகியவரையும் தளரவைக்கும் பாதைகளும் உண்டு. அவற்றுள் சிலவற்றையும், அவற்றில் நடப்போர் அறியவேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பழந்தமிழர் கண்ட வழித்துணை

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என வகுத்த தமிழர், அந்நிலத்தில் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதையும் எழுதிவைத்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னனின் செங்கண்மா நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் ஆற்றுப்படை நூல். 583 அடிகள் கொண்ட அந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். மன்னனின் கொடைச்சிறப்பைப் பாடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. பன்றி விழுவதற்காகத் தோண்டப்பட்ட குழிகள் வழியில் மறைந்திருக்கும் என்கிறார். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். அப்போது மரத்தின்பின் ஒதுங்குக என்கிறார். வழுக்கும் இடங்களில் கொடியைப் பற்றிச் செல்லவும், இருள் சூழ்ந்தபின் நடவாது குகையில் தங்கவும் அறிவுறுத்துகிறார்.

இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. வழிகள் பிரியும் இடத்தில், பின்வருவோர் திகைக்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்பதே அது. பாறைமீது வண்ணம் பூசியும் கற்களை அடுக்கியும் இன்று உலகெங்கும் தடங்காட்டுகின்றனர். அவ்வழக்கத்தின் நோக்கம் இப்பாடலில் அப்படியே இருக்கிறது.

தொலைவு மட்டும் அளவாகுமா?

ஒரு தடம் எளியதா கடியதா என்பதை அதன் நீளம் மட்டும் காட்டாது. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணிநேரம். அதனோடு, ஏறும் ஒவ்வோர் 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணிநேரம். ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள இரு தடங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 150 மீட்டர் மட்டுமே உயர்கிறது. அதனை ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் நடந்துவிடலாம். இரண்டாவது 1,200 மீட்டர் உயர்கிறது. அதற்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகும். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர் இதைவிட மிகுதியான நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

உயரம் கூடக்கூட வெப்பமும் குறைகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியசு குறையும் என்பர். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் வியர்வை வழிய நிற்பவர், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் பதினைந்து பாகை குறைவான காற்றில் நிற்பார். மழையில் நனைந்த உடையோடு அக்காற்றில் நிற்பதன் இடர், சமவெளியில் வாழ்வோருக்கு எளிதில் விளங்குவதில்லை. ஏறுதலே கடினம், இறங்குதல் எளிது என்னும் எண்ணமும் பிழையானது. ஏறும்போது நெஞ்சு உழைக்கிறது. இறங்கும்போது முழங்கால் உழைக்கிறது. களைத்த கால்கள் இடறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

குகைவாயில் முதல் கோலரிபெட்டா வரை

முதன்முதலாக நடப்போர்க்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைத்தடம் ஏற்றது. பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த புதர்க்காட்டினூடே செல்லும் அத்தடத்தில் பெரிய ஏற்றம் இல்லை. கூழாங்கற்கள் செறிந்த பாறையில் இயற்கை குடைந்த குகைகள் அங்கே உள்ளன; அப்பகுதியில் பழைய கற்கால மாந்தரின் கற்கருவிகள் கிடைத்துள்ளன. நிழல் குறைந்த தடமாதலின் வெயிலுக்குமுன் நடந்து முடித்தல் நன்று. உதகையை ஒட்டிய கெய்ர்ன்ஹில் தடமும் கோத்தகிரியின் லாங்வுட் சோலைத்தடமும் இவ்வாறே எளியவை. லாங்வுட் சோலை உறிஞ்சித் தேக்கும் மழைநீரே சுற்றியுள்ள சிற்றூர்களின் நீரூற்றாகிறது. இத்தகைய மலைக்காட்டைக் குறிக்கும் ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல்லையே உலகச் சூழலியலார் ஏற்றுக்கொண்டு வழங்குகின்றனர்.

ஓரளவு நடந்து பழகியவர், திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரியின் சுவாமிமலைக்கு ஏறலாம். வரலாற்று விருப்பம் உடையோர் கோத்தகிரி அருகிலுள்ள கரிக்கையூருக்குச் செல்லலாம். இருளர் வாழும் அப்பகுதியின் பொறிவரையில் தொன்மையான பாறை ஓவியங்கள் உள்ளன. அவற்றைத் தொடுதலும் அவற்றின்மீது நீர் தெளித்தலும் ஓவியங்களை அழித்துவிடும்.

கொடைக்கானலின் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் தடம் தனியே குறிப்பிடத்தக்கது. அமெரிக்கச் சமயப்பணியாளர் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறுவதற்கு முன்பே இருந்த ஊர் வெள்ளகவி. சாலை அமையும் முன்னர், பெரியகுளம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் இவ்வழியே வந்தனர். வசதி படைத்தோர் நாற்காலிகளில் அமர, பிறர் அவர்களைச் சுமந்து ஏறினர். சாலை வந்தபின் நகரம் வளர்ந்தது. வழிகாட்டிய ஊரோ நெடுங்காலம் சாலையின்றியே இருந்தது. ஊரையே கோயிலாகக் கருதும் அம்மக்கள் ஊருக்குள் காலணி அணிவதில்லை. செல்வோரும் எல்லையில் காலணியைக் கழற்றுகின்றனர். சுற்றுலா வருபவருக்குக் காட்சியாகத் தெரிவது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும் ஊராருக்கு அன்றாடத் துன்பம் என்பதையும் இத்தடத்தில் நடப்போர் எண்ணிப்பார்த்தல் தகும்.

கடிய தடங்களுள் கோவையின் வெள்ளியங்கிரி பலரும் அறிந்தது. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகள் கடந்து ஏறவேண்டும். மூங்கில் தடி ஊன்றி முதியோரும் ஏறுவதைக் கண்டு, அதனை எளிதென எண்ணுவோர் பலர். நெஞ்சுநோய் உடையோர் இதில் ஏறலாகாது. நீலகிரியின் அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டாவுக்குச் செல்லும் தடம் இன்னும் தனிமையானது. புல்வெளியும் சோலையும் மாறிமாறி வரும் அத்தடத்தின் அழகுக்கு ஈடில்லை. ஆயினும் மூடுபனி இறங்கினால் பத்தடி தொலைவும் தெரியாது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மிகுதியான மழை பெய்த இடம் அவலாஞ்சி. அத்தகைய மழையில் காலையில் தாண்டிய ஓடை மாலையில் ஆறாகிவிடும்.

குரங்கணி தந்த படிப்பினை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்தது குரங்கணி. மேலே உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் இறக்கிய காலத்திலிருந்தே மலையும் சமவெளியும் கைகோக்கும் ஊர் அது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வந்து கொழுக்குமலைக்கு ஏறியவர்கள் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் இளம்பெண்கள் பலர். ஊர்மக்களும் அரசுத்துறையினரும் மீட்புப்பணியில் இறங்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன.

சமதரையில் பரவும் தீ வேறு. சரிவில் ஏறும் தீ வேறு. தழலும் சூடான காற்றும் மேல்நோக்கிச் செல்வதால், மேலே உள்ள புல் தீ தொடுவதற்கு முன்பே காய்ந்து பற்றுவதற்கு அணியமாகிவிடுகிறது. ஆகவே சரிவு செங்குத்தாகுந்தோறும் தீயின் விரைவு பெருகும். ஆள் உயரத்துக்கு வளர்ந்து உலர்ந்த புல்லில் அது மனிதனின் ஓட்டத்தை வென்றுவிடும். தீக்கு மேற்புறத்தில் இருப்பவர் மலைமேல் ஓடித் தப்ப முயலுதல் பேரிடராய் முடிவது இதனால்தான். புல்லற்ற வெற்றுப்பாறையையோ முன்பே எரிந்து தணிந்த நிலத்தையோ பக்கவாட்டில் நாடுவதே தப்பும் வழி. இதனை ஏறுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். புகை சூழ்ந்தபின் கற்க நேரமிராது.

அந்நிகழ்வுக்குப்பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. வனத்துறையின் இசைவின்றிக் காட்டுத்தடங்களில் செல்லுதல் குற்றமாகும். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களை எளியவை, மிதமானவை, கடியவை எனப் பிரித்து, இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. காட்டுத்தீ அச்சம் மிகும் கோடைத் திங்கள்களில் தடங்கள் மூடப்படுகின்றன. விடுமுறைக்காலத்தில் மூடுகிறார்களே எனக் குறைகூறுவோர் உளர். காய்ந்த புல்லுக்கு விடுமுறைக் கணக்கு தெரியாது.

முன்னே நடப்பவர்

இத்திட்டத்தில் மலைவாழ் மக்களும் காட்டை அடுத்த ஊர்களின் இளைஞரும் பயிற்சிபெற்று வழிகாட்டிகளாகியுள்ளனர். தேன் எடுக்கவும் விறகு பொறுக்கவும் அவர்தம் முன்னோர் நடந்த பாதைகளே இன்று பலவிடங்களில் தடங்களாகியுள்ளன. சாணத்தின் ஈரம், ஒடிந்த கிளையின் பசுமை, காற்றில் வரும் மணம் ஆகியவற்றைக் கொண்டு யானை கடந்து சென்ற நேரத்தை அவர்கள் கணிக்கின்றனர். குரங்கு எழுப்பும் அச்சக்குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிகின்றனர். வழிகாட்டி கையுயர்த்தி நிறுத்தும்போது காரணம் கேட்காமல் நின்றுவிட வேண்டும். காரணத்தை அவர் பின்னர்க் கூறுவார். குழுவின் வேகத்தையும் அவரே முடிவுசெய்கிறார். மெதுவாக நடப்பவரை அவர் தமக்கு அடுத்தபடியாக முன்னே நிறுத்துவதும், பழகியவர் ஒருவரைக் கடைசியில் வரச்செய்வதும் அதற்காகவே. வழி பிரியும் இடங்களில் அவர் நின்று, கடைசி ஆளும் வந்து சேர்ந்தபின்னரே அடுத்த அடி எடுத்துவைக்கிறார்.